இடம் சொல்லுங்க

நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. நம்பாமல் இருந்தால் நல்லது, நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. நான் சொல்லப்போகும் அழைப்புகளின் தேதியும் நேரமும் நொடிக்கணக்கும் எங்கள் அலுவலகக் கணினியில் இன்றைக்கும் இருக்கின்றன. அழித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கு விதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். பதினான்கு வருடமாக. ஜன்னல் இல்லாத நீளமான அறை. பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு திரை, ஒரு ஹெட்செட், அதை மாட்டிக்கொண்டு ஒரு ஆள். போன் அடித்தால் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இடம் சொல்லுங்க."

பதற்றத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் வாயில் வராது. அழுவார்கள். திட்டுவார்கள். குடியிருக்கும் வீட்டின் முகவரியே மறந்துபோகும். "நம்ம வீட்டுக்குத்தாங்க" என்பார்கள் சிலர், ஏதோ நான் அவர்களுடைய சித்தப்பா மகள் போல. அங்கேதான் என் காது கைகொடுக்கும். நாலு வார்த்தை பேசினால் போதும், எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுவேன். மலைப்பக்கத்துக்காரர்கள் வார்த்தையின் வாலை விழுங்கிவிடுவார்கள், மேடு ஏறுகிறவர் மூச்சை மிச்சம் பிடிப்பது போல. ஆற்றங்கரை ஊர்களில் கேள்வி கேட்டாலும் ராகம் கீழேதான் இறங்கும். கடற்கரையில் காற்றைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று இழுத்து இழுத்துப் பேசிப் பழகியிருப்பார்கள். நாலு சுவருக்குள் குடிவந்த பிறகும் அந்த இழுவை போகாது. அழைப்பு எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று திரை காட்ட எட்டு நொடியாகும். எனக்கு மூன்று நொடி.

இது வரம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சாலை போடும் வேலை. சாலை முடிந்தால் அடுத்த ஊர். அண்ணனும் நானும் பதினோரு பள்ளிக்கூடங்களில் படித்தோம். போன இடத்தில் எல்லாம் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். அதனால் அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டோம். பிடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். கடைசியில் ஒரு ஊரின் சொல், இன்னொரு ஊரின் ராகம், மூன்றாவது ஊரின் இழுவை என்று எல்லாம் சேர்ந்து எங்கள் வாயில் ஒரு பேச்சு தங்கிவிட்டது. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்காத ஆள் இல்லை. அம்மா அப்பா போன பிறகு, அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டே பேர்.

நான் கல்யாணம் முறிந்து திரும்பி வந்தவள். அண்ணன் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவன். லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகக் கதை பேசியே பயத்தைப் போக்கிவிடுவான். வெளியே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். அவனுக்குக் கையைவிட வாய்தான் கருவி.

முதல் அழைப்பு ஒரு திங்கட்கிழமை வந்தது. மாலை 4:12.

திரையில் எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. எண்ணை மறைத்தால் மறைக்கப்பட்டது என்றாவது காட்டும். இதில் அதுவும் இல்லை.

முதலில் ஒரு சத்தம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம். டக்.

"வீட்டுல ஒருத்தர் விழுந்து கிடக்காங்க. சீக்கிரம் வாங்க."

ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை. பதற்றமும் இல்லை. ஆனால் மலைப்பேச்சு. வார்த்தையின் வால் சுத்தமாக இல்லை. இடம் சொல்லுங்க என்றேன். நான்கு நொடி அமைதி. வைத்துவிட்டார்கள். மொத்தம் 19 நொடி.

மலையடிவாரத்தில் நின்ற வண்டியை மேலே ஏறச் சொன்னேன். வண்டி பாதி வழியில் இருந்தபோது, 4:31க்கு, மலையிலிருந்து ஒருவர் அழைத்தார். மனைவி மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாளாம். ஆறு நிமிடத்தில் வண்டி அங்கே இருந்தது. இருந்தும் பலன் இல்லை.

சூப்பர்வைசர் என்னைப் பாராட்டினார். நான் அந்தக் கணவரிடம் ஒன்றுதான் கேட்டேன், முதலில் அழைத்தது யார் என்று. வீட்டில் தாங்கள் இருவர் மட்டும்தான், தான் அப்போதுதான் உள்ளே நுழைந்ததாகச் சொன்னார். பிறகு, "நாலு இருபத்தஞ்சுக்கு அவ எங்கூட போன்ல நல்லாப் பேசினா" என்றார்.

நாலு இருபத்தைந்துக்கு அவள் நன்றாக இருந்திருக்கிறாள்.

எனக்கு அழைப்பு வந்தது 4:12க்கு.

பதினோரு நாள் கழித்து இரண்டாவது. அதே 4:12. அதே காலிக் கட்டம். டக். அதே இரண்டு வாக்கியங்கள், ஆற்றங்கரை ராகத்தில். அந்தப் பக்கத்து வண்டியைத் தயாராக நிற்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் 7:20க்கு ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பள்ளி ஆசிரியர் குளியலறையில் விழுந்து இறந்துபோனார்.

இப்போது யாரும் பாராட்டவில்லை. யாரோ திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்றார் சூப்பர்வைசர். போலீசுக்கு எழுதினார். தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டார்கள். அந்த இரண்டு நேரத்திலும் உங்கள் எண்ணுக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்று பதில் வந்தது. ஆனால் பதிவு எங்களிடம் இருக்கிறதே... குரல் இருக்கிறதே...

சந்தேகம் மெல்ல என் பக்கம் திரும்பியது. இரண்டும் ஏன் என் மேசைக்கே வர வேண்டும்? என்னை மூன்றாம் மேசையிலிருந்து பதினொன்றாம் மேசைக்கு மாற்றினார்கள். சாப்பிடும் நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். புது மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெண் மட்டும்தான் என்னோடு பேசினாள். கீச்சுக் குரல் என்பதால் அவளைக் குருவி என்று கூப்பிடுவோம்.

மூன்றாவது அழைப்பு பதினொன்றாம் மேசைக்கு வந்தது.

4:12. டக். இந்த முறை கடற்கரை இழுவை. கரையோரம் நின்ற இரண்டு வண்டிகளுக்கும் சொன்னேன். ராத்திரி வரை ஒன்றும் இல்லை. விடியும்வரை ஒன்றும் இல்லை. "உங்க காது இந்தத் தடவை ஏமாத்திடுச்சு" என்று சிரித்தார் சூப்பர்வைசர். எனக்கும் ஒரு பக்கம் நிம்மதிதான்.

மறுநாள் மாலை 5:40க்கு நகரத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். சுத்தமான நகரத்துப் பேச்சு. நான்காவது மாடி வீடு. அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றாள். வண்டி அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைக்கச் சொன்னேன், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக.

மூச்சு கேட்டது. பிறகு அந்தப் பெரியவர் மகளிடம் ஏதோ சொன்னார். இரண்டே வார்த்தை. இழுத்து... இழுத்து...

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

முந்தின நாள் நான் கேட்ட அதே பேச்சு. குரல் வேறு. பேச்சு ஒன்று.

வண்டி போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அந்த மகளிடம் பேசினேன். அப்பா கடற்கரையில் பிறந்தவர் என்றாள். ஊரை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லையாம். தெருவில் எல்லோரும் அவரைக் கேலி செய்வார்களாம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வண்டியை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் சொன்னது ஊரை இல்லை. ஆளை. யார் விழப்போகிறார்களோ, அவர்கள் பேசுகிற மாதிரியே அது பேசுகிறது.

இன்னொன்றும் புரிந்தது. முதல் தடவை பத்தொன்பது நிமிடம் முன்னால் சொன்னது. அடுத்தது மூன்று மணி நேரம். அதற்கடுத்து ஒரு நாளுக்கு மேல். அது வரவர முன்கூட்டியே சொல்கிறது.

யாரிடம் சொல்ல முடியும்? குருவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த முறை வந்தால் தன் ஹெட்செட்டிலும் கேட்கும்படி இணைக்கச் சொன்னாள்.

அடுத்தது ஒரு வியாழக்கிழமை வந்தது. 4:12. காலிக் கட்டம். குருவிக்குக் கண்ணைக் காட்டி இணைத்தேன்.

டக்.

"வீட்டுல ஒருத்தர் விழுந்து கிடக்காங்க. சீக்கிரம் வாங்க."

கூர்ந்து கேட்டேன். மலை இல்லை. ஆறு இல்லை. கடல் இல்லை. நகரமும் இல்லை. வால் விழுங்கவில்லை, ராகம் இல்லை, இழுவை இல்லை. பதினான்கு வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு என்ன ருசி என்று யோசிப்பது போல இருந்தது.

இடம் சொல்லுங்க என்றேன். நான்கு நொடி. வைத்துவிட்டது.

"எந்தப் பக்கம்னே தெரியல" என்றேன் குருவியிடம். "எந்த ஊர்ப் பேச்சும் இல்ல. யாருமே இப்படிப் பேச மாட்டாங்க."

குருவி ஹெட்செட்டைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா... நீங்க இப்படித்தான் பேசுவீங்க."

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் ஓடினேன். வீட்டுக் கதவைத் திறந்தால், அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். போன் வேலைப் பையில் கிடந்ததாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டான். பிறகு அவனுக்கே உரிய மாதிரி, "நம்ம பேச்ச பேசுறது நாம ரெண்டு பேரு. உனக்கா எனக்கான்னு சீட்டுக் குலுக்கிப் பாத்துரலாமா?" என்றான்.

நான் அழுததைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினான்.

மறுநாளே இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். இரத்தம், நெஞ்சு, தலை, எல்லாம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அவன் வேலைக்கு விடுப்புப் போட்டான், நானும் போட்டேன். அடுத்த ஐந்து நாள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவன் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்றேன். நான் சமையலறையில் இருந்தால் அவன் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான், பதில் வருகிறதா என்று பார்க்க. ஒருவர் தும்மினால் மற்றவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஒரு தடவை அவன் வேண்டுமென்றே படீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு விளையாடினான். அரை நாள் அவனோடு பேசவில்லை. அந்த அரை நாள் இப்போது என்னை அரிக்கிறது.

ஆறாவது நாள், புதன்கிழமை. காலை 7:50.

அடுப்பில் பால் இருந்தது. அண்ணன் பல் விளக்கிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பழைய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பால் பொங்கப் போகு..."

அவ்வளவுதான்.

வார்த்தை பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அப்படியே சுவரோடு சரிந்தான்.

போனை எடுத்தேன். எங்கள் எண்ணையே அழுத்தினேன். இரண்டே ரிங்கில் எடுத்தார்கள். என் வாய் வறண்டு, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பேசினேன்.

"வீட்டுல ஒருத்தர் விழுந்து கிடக்காங்க. சீக்கிரம் வாங்க."

எதிர்முனையில் பதில் இல்லை.

ஒரு நொடி.

இரண்டு.

வைத்துவிட்டார்கள்.

நான் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மறுபடி அழைத்தேன். நான்தான், நான்தான் என்று கத்தினேன். கதவு எண்ணைச் சொன்னேன். வண்டி வந்தது. மருத்துவமனையில் அண்ணனைக் காப்பாற்றிவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் உயிர் நின்றது என்றார்கள். வலது கை மெல்ல மெல்ல வரும். பேச்சு வராது. நாம் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரியும், திருப்பிச் சொல்லத்தான் முடியாது.

என் அண்ணனுக்கு.

மூன்றாம் நாள் குருவி பார்க்க வந்தாள். மருத்துவமனை நடைபாதையில் நின்று அழுதாள். போனை எடுத்ததும் வைத்ததும் அவள்தான்.

"பயந்துட்டேன் அக்கா. அந்த டக் சத்தம்கூட அப்படியே கேட்டுச்சு. மூணாவது தடவையும் அதே பேச்சக் கேட்டதும் கை தானா வெச்சிடுச்சு."

"மூணாவதா?" என்றேன். "நாம கேட்டது ஒண்ணு. நான் பேசினது ஒண்ணு."

அவள் முகம் வெளுத்தது. பிறகு சொன்னாள். அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, எனக்கு வார விடுமுறை நாளில், அவள் மேசைக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அதே வாக்கியம். என் பேச்சு. நான்தான் வீட்டிலிருந்து விளையாடுகிறேன் என்று நினைத்து, "போங்கக்கா, வேல நிறைய கிடக்கு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாளாம். வியாழக்கிழமை விஷயம் புரிந்தபோது அதைச் சொல்லப் பயமாக இருந்ததாம்.

வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாகப் பதிவைத் தேடினேன். இருந்தது. செவ்வாய்க்கிழமை, 4:12. டக் கேட்டது. வாக்கியம் கேட்டது. கடைசியில் குருவியின் சிரிப்பும் கேட்டது.

அண்ணனுக்கு ஒன்று.

இன்னொன்று இருக்கிறது.

அன்றிலிருந்து நான் எங்கள் பேச்சைப் பேசுவதில்லை. செய்தி வாசிப்பவர்களைப் போல, ஒவ்வோர் எழுத்தாகத் திருத்திப் பேசுகிறேன். கடைக்காரரிடம் அப்படித்தான். வேலையிலும் அப்படித்தான். வீட்டில் அண்ணனிடமும். முதல் நாள் அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். இரண்டாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனால் பேச முடியாது, நானும் நிறுத்திவிட்டால் அந்தப் பேச்சு வீட்டில் எங்கேயும் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னிடம் இல்லாமல் போனால் அது தேடுகிற ஆளும் நானாக இருக்க மாட்டேன் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

நாற்பத்து மூன்று நாள் ஓடிவிட்டன. ஒன்றும் நடக்கவில்லை. அழைப்பும் வரவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன்.

நேற்றுக் காலை, அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று தட்டைத் தள்ளினான். நோட்டை எடுத்து, இடது கையால் எழுத ஆரம்பித்தான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

நோட்டை என் பக்கம் திருப்பினான்.

"தூக்கத்துல நம்ம பேச்சுதான் பேசுற. நாலு நாளா. யாரோ கேக்குறாங்க போல... நம்ம வீட்டு முகவரிய சொல்லிக்கிட்டே இருக்க."